சக்கரத்தின் மேல் அறை, ஆலையில் வார்த்த சுவர்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையும், அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள விஜயபுரம் முதலிய ஊர்களும் அடங்கிய நிலப்பகுதி, 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டத்தோடு சேர்ந்து அம்மாநிலத்துக்குச் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிய பின், எஞ்சிய பகுதி புதிய எல்லைக்கோட்டின் வட பக்கத்தில் நின்றுவிட்டது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் சாலையின் முதன்மையான பயன் மாறவில்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து திருமலைக்குச் செல்லும் குடும்பங்கள், குறிப்பாகப் புரட்டாசி மாதத்தில், தலைமுறை தலைமுறையாக இவ்வழியே சென்றிருக்கின்றன. தென்னிந்தியாவில் வண்டியையே வீடாகக் கொண்டு பல நாள் பயணம் செய்யும் பழக்கத்தின் வரலாற்றையும், அந்தப் பழக்கத்தைத் தொழிலாக மாற்றிய மனிதர்களின் வாழ்க்கைப் போக்கையும் அறிய விரும்புவோர்க்கு இச்சாலை பொருத்தமான தொடக்கப் புள்ளியாகும்.

இப்பயணத்தின் முதல் வாகனம் கூண்டு வண்டி. அச்சு, குடம், ஆரக்கால், இரும்புப் பட்டா, கடையாணி, நுகத்தடி ஆகிய உறுப்புகளால் ஆன சாதாரணப் பார வண்டியின் மேல், மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்து கூரை அமைத்தால் அது கூண்டு வண்டியாகிவிடும். உள்ளே வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளம் விரித்தால் படுக்கை, பின்புறத்தில் பாத்திரமும் அரிசி மூட்டையும், அச்சுக்குக் கீழே தொங்கும் விளக்கு என்று ஒரு சிறு குடும்பத்துக்குத் தேவையானவை அனைத்தும் அதற்குள் அடங்கின. இரவில் சத்திரத்திலோ தோப்பிலோ வண்டியை நிறுத்தி, கல் கூட்டிச் சமைத்து, விடியற்காலையில் மாடு பூட்டிப் புறப்படுவது பயண முறை. வசதியுள்ளவர்கள் இரும்பு வில் பொருத்தப்பட்ட வில்வண்டியில் சென்றார்கள். இவ்வண்டிகளைச் செய்தவர்கள் ஊர்த் தச்சரும் கொல்லருமே. மரத்தையும் இரும்பையும் ஒரே சட்டத்தில் இணைக்கும் அவர்களது கைத்திறன்தான், பின்னாளில் மோட்டார் வண்டிக்கு உடல் கட்டும் தொழிலுக்கு அடித்தளமாக அமைந்தது. இத்தொடர்ச்சியை மறந்துவிட்டு, தென்னாட்டு வாகனத் தொழில் மேனாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து இறக்குமதியானது என்று எழுதும் வழக்கம் திருத்தப்பட வேண்டியதாகும்.

வண்டிப் பட்டறையை நிறுவனமாக முதலில் வளர்த்தது சென்னை. 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம், இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில், குதிரை வண்டிகளையும் சாரட்டுகளையும் செய்து தந்தது. இத்தகைய தொழிலகங்களில் வண்டியின் சக்கரமும் அச்சும் ஒரு பிரிவிலும், மக்கள் அமரும் மேற்பகுதி வேறொரு பிரிவிலும் செய்யப்பட்டு இறுதியில் பொருத்தப்படும். இயங்கும் அடிப்பகுதியும் வாழும் மேற்பகுதியும் வெவ்வேறு கைகளின் வேலை என்னும் இந்தப் பிரிவினை, மோட்டார் காலத்திலும் மாறாமல் தொடர்ந்தது. 1903இல் சிம்ப்சனின் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். குதிரையின் இடத்தை எஞ்சின் பிடிக்கப் போவதைப் பட்டறை அப்போதே உணர்ந்திருந்தது.

அந்நிறுவனத்தை இந்தியர் கைக்குக் கொண்டுவந்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905–1964). பட்டறையில் வேலை பழகியவர் அல்லர், கணக்கியல் துறையிலிருந்து வந்தவர். 1930-களில் சிம்ப்சனில் சேர்ந்து, 1940-களில் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்து, 1938இல் உருவான அமால்கமேஷன்ஸ் என்னும் குழுமத்தின் கீழ் பல ஆங்கிலேய நிறுவனங்களை ஒன்றுசேர்த்தார். ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனமும் அவற்றுள் ஒன்று. வண்டி உடல் கட்டும் பழைய தொழிலோடு நின்றுவிடாமல், டீசல் எஞ்சின் உற்பத்திக்கும், 1960இல் டாஃபே நிறுவனத்தின் வழியாக டிராக்டர் உற்பத்திக்கும் அவர் குழுமத்தை நகர்த்தினார். இலாபம் எஞ்சினில் இருக்கிறது, கூண்டில் இல்லை என்று கணக்கர் ஒருவர் சரியாகவே கண்டுகொண்டார் எனலாம். ஆனால் அதன் விளைவாக, உடல் கட்டும் கலை பெருநிறுவனங்களின் கவனத்திலிருந்து விலகி, சிறு நகரங்களின் பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்தது.

பட்டறைகளுக்கு வேலை தந்தவர்கள் பேருந்து முதலாளிகள். திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், சட்டம், இரயில்வே, வங்கி ஆகிய துறைகளில் பணியாற்றிய பின்னர் அவற்றை விட்டு, 1911 முதல் சொந்தத் தொழிலில் இறங்கி மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துகளை இயக்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, கரியை எரித்து உண்டாகும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்து விற்றது. சேவை நடத்துபவரே பழுதுபார்ப்பவராகவும், பழுதுபார்ப்பவரே உற்பத்தியாளராகவும் மாறும் இந்தப் போக்கு, இத்தொழிலின் தலைவர்கள் பலருக்கும் பொதுவானது. அதன் முழுமையான உருவத்தைக் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையில் காணலாம்.

கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த நாயுடு, தொடக்கப் பள்ளிக் கல்வியோடு நின்றவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, கோயம்புத்தூர் உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டி, எந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தாமாகவே கற்றார். 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் உதவியோடு ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். என்று கொங்கு மக்கள் அறிந்த அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், 1933ஆம் ஆண்டளவில் 280 வண்டிகளைக் கொண்டதாக வளர்ந்தது. அந்த முதல் வழித்தடம் ஒரு மலைக்கோயிலை நோக்கிச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது. தென்னாட்டில் தனியார் பேருந்துக்கு நிலையான வருவாய் தந்தது பெருமளவில் கோயில், சந்தை, திருவிழா ஆகியவற்றுக்கான பயணமே; பொழுதுபோக்குக்காக மட்டும் ஊர் சுற்றும் வழக்கம் இங்கு வெகு பிற்காலத்தது. பயணச்சீட்டு வழங்கும் கருவி, எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவி என்று பேருந்துத் தொழிலின் அன்றாடத் தேவைகளிலிருந்தே நாயுடுவின் கண்டுபிடிப்புகள் பலவும் பிறந்தன. 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவாக்கத்தில் பங்கேற்றதும், 1945இல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைத்ததும் அதே வழியில் வந்தவை.

அந்த ஆளுநர்தான் அதற்கு முந்தைய ஆண்டு, 1944 ஏப்ரல் 10 அன்று, திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதையைத் திறந்து வைத்தவர். அதுவரை மலையடிவாரமான அலிபிரியிலிருந்து படியேறியோ டோலியில் அமர்ந்தோ சென்ற அடியார்கள், அதன் பின் தேவஸ்தானத்தின் பேருந்துகளில் மலையேறினார்கள். 1974இல் இரண்டாவது மலைப்பாதை அமைந்த பின் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிச் சாலைகள் ஏற்பட்டன. கூண்டு வண்டியின் காலம் இந்த வட்டாரத்தில் உண்மையில் முடிந்தது இந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான். சுற்றுலாவையும் கோயில் பயணத்தையும் ஒன்றாக்கிய ஒரு நாள் திருப்பதிப் பேருந்துப் பயணம், 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அடையாளமாகவே பின்னர் ஆயிற்று.

இப்பேருந்துகள் எவ்வாறு உருவாயின என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனமும், பிற உற்பத்தியாளர்களும், பல ஆண்டுகள் வண்டியைச் சேஸிஸாகவே விற்றார்கள். சேஸிஸ் என்பது எஞ்சின், கியர், அச்சு, சக்கரம், ஸ்டியரிங் ஆகியவை பூட்டிய வெறும் சட்டம். கூரையோ சுவரோ இல்லாத அந்தச் சட்டத்தில் தற்காலிக இருக்கை ஒன்றைப் போட்டு, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டுநர் அதைக் கரூருக்கோ நாமக்கல்லுக்கோ ஓட்டிச் செல்வார். பட்டறையில் முதலில் சட்டத்தின் குறுக்கே தளத்தைத் தாங்கும் விட்டங்கள் யூ போல்ட்டுகளால் இறுக்கப்படும். விட்டங்களின் நுனிகளில் செங்குத்துக் கால்களும், அவற்றின் மேல் கூரை வளைவுகளும் நிறுத்தப்படும். இந்த எலும்புக்கூட்டின் மேல் அலுமினியத் தகடு ரிவெட் அடித்துப் போர்த்தப்பட்ட பின், தளம், சன்னல், இருக்கை, மின்கம்பி, வண்ணம் என்று வேலை நகரும். முற்காலத்தில் எலும்புக்கூடு மரத்தால் ஆனது, ஆகவே ஆசாரியே பட்டறையின் முதல்வர். இரும்புக் குழாய்க்கு மாறிய பின் வெல்டரும் டிங்கரும் அவரோடு சேர்ந்தார்கள். கரூர் பேருந்துக்கும், நாமக்கல் லாரிக்கும் டேங்கருக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் பெயர் பெற்றன. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கொண்டுவந்த பெர்மிட் முறை, அதாவது வழித்தடத்துக்கு அனுமதி பெற்ற வண்டி மட்டுமே ஓடலாம் என்னும் ஏற்பாடு, இத்தொழிலுக்கு மறைமுகமாக உதவியது: வண்டிகளின் எண்ணிக்கையைத் தம் விருப்பப்படி பெருக்க முடியாத முதலாளிகள், கையில் உள்ள வண்டியின் உடலைச் செப்பம் செய்து போட்டியிட்டார்கள். இந்நூற்றாண்டில் வந்த ஏ.ஐ.எஸ். 052 என்னும் பேருந்து உடல் விதித்தொகுப்பு, உறுதி, வெளியேறும் வழி, இருக்கை இடைவெளி ஆகியவற்றை நாடு முழுமைக்கும் வரையறுத்ததால், பட்டறைகள் வரைபடத்துக்கும் சோதனைக்கும் கட்டுப்பட்டுச் செயல்பட வேண்டியதாயிற்று. பயணிகளின் உயிர் சார்ந்த இந்த மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

வாழும் அறையாகவே வண்டியைப் பயன்படுத்திய மிகப் புகழ்பெற்ற தென்னிந்திய எடுத்துக்காட்டு, ஓர் அரசியல் பயணத்தில் அமைந்தது. 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ், பழைய செவர்லே வண்டி ஒன்றைத் திருத்தியமைத்து, சைதன்ய ரதம் என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரம் முழுவதும் சுற்றினார். வண்டிக்குள் தங்கி, சாலையோரத்தில் குளித்து உண்டு, கூரையின் மேல் நின்று பேசினார். 1983 ஜனவரித் தேர்தலில் அவர் வென்ற தொகுதிகளுள் திருப்பதியும் ஒன்று. தமிழ் மக்களுக்கோ கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பிடத்தில் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டிதான் நினைவுக்கு வரும். குடும்பங்கள் தங்கிப் பயணம் செய்வதற்கான கேரவன் வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனி விதி இப்போது இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது.

அமெரிக்காவில் இத்துறையின் வரலாறு வேறு வகையில் சென்றது. பதிப்பு, விளம்பரத் தொழில்களில் இருந்த வாலி பயம் என்பவர், 1936இல் விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகட்டாலேயே வலிமை பெறும் கிளிப்பர் என்னும் இழுவை வண்டியை ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டபோது, விடுமுறைக்காகச் செய்யப்பட்ட இந்த இழுவை வண்டிகளிலேயே மக்கள் நிலையாகக் குடியேறினார்கள். 1950-களின் நடுவில் எல்மர் ஃப்ரே போன்றவர்கள் வண்டியைப் பத்தடி அகலமாக்கியதும், அது சாலைக்குரிய தன்மையை இழந்து வீடாகவே மாறியது. 1976 ஜூன் 15 முதல் நடுவண் அரசின் கட்டட விதிகளுக்கு உட்பட்ட இவ்வகை வீட்டுக்கு ஆலைவீடு என்னும் பொருளுடைய சட்டப் பெயர் வழங்கியது. எனவே அங்கு பொழுதுபோக்கு வண்டியும் ஆலைவீடும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் உருவாக்கியவர்களின் வாழ்க்கை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் ஒரே அருங்காட்சியகத்தில் போற்றப்படுகிறது. இந்தியாவில் வண்டி பட்டறையில் பிறந்தது, ஆலைவீடோ அரசின் வரைபடத்தில் பிறந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்ததுதான் இந்திய ஆலைவீட்டுக்கு நேர்ந்த பெருங்குறை.

அந்த வரைபடத்தைத் தீட்டியவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். 1908இல் பெர்லினில் பிறந்து, ஹான்ஸ் பெல்சிக் என்னும் கட்டடக் கலைஞரிடம் பயின்று, நாஜி ஆட்சியால் 1933இல் நாட்டை விட்டு வெளியேறிய அவர், எகிப்தில் சில காலம் பணியாற்றிய பின் 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞரானார். இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் அவருடைய தாய்மாமன். போர்ன் பெங்களூரில் தங்கியிருந்த காலத்தில் திவான் மிர்சா இஸ்மாயிலோடு ஏற்பட்ட தொடர்பு இந்த நியமனத்துக்கு வழி செய்தது. புவனேஸ்வரம் நகரத் திட்டத்தை வகுத்த அவர், 1948 முதல் 1951 வரை, ராஜ்குமாரி அம்ருத் கௌர் அமைச்சராக இருந்த நலவாழ்வு அமைச்சகத்தில் வீட்டுவசதி இயக்குநராகப் பணியாற்றினார். பிரிவினையால் வந்த அகதிகளுக்கு விரைந்து வீடு தர வேண்டிய நெருக்கடியில், டெல்லி ஜங்புராவில் அரசு வீட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காற்றுக்குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட்டால் சுவர்ப் பலகைகளை வார்த்து, மனையில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு சிறு குழு சில நாள்களில் வீட்டை முடிப்பது திட்டம். பலகைகள் விரிசல் கண்டன, இணைப்புகள் பிடிக்கவில்லை, செலவு கணக்கை மீறியது. நாடாளுமன்றத்தில் கடுமையான கண்டனம் எழுந்து உற்பத்தி நின்றது.

இத்தோல்விக்குப் பொருள் கலவையில் மட்டும் காரணம் தேடுவது போதாது. கூலி மலிவாகவும் எந்திரமும் சிமெண்டும் அரிதாகவும் இருந்த நாட்டில், உழைப்பை மிச்சப்படுத்தும் முறை பணத்தை மிச்சப்படுத்தவில்லை. அதைவிட முக்கியமாக, வார்ப்புக்கும் நிறுவலுக்கும் இடையே நிகழும் பிழையைக் கையோடு கையாகத் திருத்தும் பட்டறைத் தொழிலாளர் வர்க்கம், பேருந்துக்குக் கிடைத்ததைப் போல் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. முதல் நூறு பேருந்துகளின் குறைகளைச் சாலை காட்டிக் கொடுத்தது, ஆசாரி திருத்தினார். ஆலைவீட்டுக்கு அந்தப் பயிற்சிக் காலத்தை யாரும் அனுமதிக்கவில்லை. இப்படிப்பினையைக் கோனிக்ஸ்பெர்கரே ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அவரது பிற்காலப் பணி சான்று: 1950-களில் ஐக்கிய நாடுகள் குழுவில் ஒருவராகக் கானா சென்றபோது, முழு வீட்டையும் வார்த்துத் தருவதற்கு மாறாக, சுவரை மக்களே எழுப்பிக்கொள்ள, கூரைக்கு மட்டும் கடன் தரும் திட்டத்தை அக்குழு பரிந்துரைத்தது. ஜங்புரா ஆலை 1953இல் இந்துஸ்தான் ஹவுசிங் ஃபாக்டரியாக மாற்றியமைக்கப்பட்டு, முன்வார்ப்புக் கான்கிரீட் உறுப்புகளைச் செய்யும் நிறுவனமாக நிலைத்து, 1978இல் இந்துஸ்தான் ப்ரீஃபாப் என்ற பெயரைப் பெற்றது.

இந்தியாவில் வேறு இருவர் வேறு திசையில் முயன்றார்கள். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த ஜி.எஸ். ராமசாமி, தொய்வாகக் கட்டிய துணியின் வளைவைத் தலைகீழாக்கிய வடிவில் சிறு கூரைத் துண்டுகளை வார்க்கும் முறையை வளர்த்தார். அவ்வளைவில் கான்கிரீட் அழுத்தத்தை மட்டுமே தாங்குவதால் இரும்புக்கம்பியின் தேவை பெரிதும் குறையும், எளிய பயிற்சி பெற்றவர்களும் மனையிலேயே வார்க்கலாம். மற்றவர் பேருந்து முதலாளி நாயுடுவே: காலையில் அடித்தளமிட்டு மாலைக்குள் வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார் என்பது அவரைப் பற்றிக் கொங்கு நாட்டில் பரவலாக வழங்கும் செய்தி. எந்திரத்தைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை வீட்டையும் அவ்வாறே அணுகியதில் வியப்பில்லை; அம்முயற்சியை அரசும் தொழில் நிறுவனங்களும் பின்தொடர்ந்திருந்தால், வண்டிப் பட்டறையும் வீட்டு ஆலையும் இந்நாட்டில் ஒருமுறையேனும் சந்தித்திருக்கும்.

பின்வந்த ஆண்டுகளில் இரு துறைகளும் பேராலைகளின் வசமாயின. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவரும் கூரையும் அடிச்சட்டமும் ஒன்றாக எடையைத் தாங்கும் இரயில் பெட்டியை, சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் துணையோடு செய்யத் தொடங்கி, ஓடும் விடுதி எனத்தக்க டெக்கான் ஒடிசி இரயிலையும் கட்டித் தந்தது. திருப்பதி மாவட்டத்துக்குள் அமைந்த ஸ்ரீசிட்டியில் சென்னை மெட்ரோவின் பெட்டிகள் உருவாயின. சென்னை பெரும்பாக்கத்தில், 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் உறுப்புகளால் எழுந்தவை; ஜங்புராவில் முடியாதது எழுபது ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது.

நாயுடுவின் நினைவுக்குக் கோயம்புத்தூரில் அருங்காட்சியகம் உண்டு. சிம்ப்சனின் பெயர் அண்ணா சாலையில் நிற்கிறது. ஆனால் கரூர், நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளின் முதல் தலைமுறை ஆசாரிகளும் கொல்லர்களும் இத்தொழிலின் உண்மையான தலைவர்கள் ஆவர். அவர்கள் தகட்டிலும் பலகையிலும் வரைந்த அளவுகள், பட்டறைக் கணக்கேடுகள், முதல் வண்டியின் முன் நின்று எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாமல், அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிடமோ மாநில ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படைக்க வேண்டும். அத்துறைகளும் பட்டறைவாசலுக்குச் சென்று கேட்டுப் பெற வேண்டும்.